மூடிக்குள் ஒரு கோடு

கார் மிஸ் அடிக்கிறது என்று வெய்க்கோ முதன்முதலாகச் சொன்னபோது சைமி காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. மான் வேட்டைக் காலம் முடிந்த வாரம் அது. மூடிக்கிடக்கும் தாமிரச் சுரங்கத்தின் கொட்டகைகளைத் தாண்டிப் பெரிய சாலையில் ஏறியதும், எட்டு சிலிண்டரில் ஏதோ ஒன்று இடறியது. நன்றாக நடந்துகொண்டிருந்தவன் கால் கல்லில் பட்டுச் சமாளித்துக்கொள்வது போல.

“கேட்டியா?”

“எதை?”

“ஒண்ணு விட்டுது பாரு. தோ, மறுபடியும்.”

“எனக்கு ரேடியோதான் கேக்குது. நீ ரோட்டைப் பாத்து ஓட்டு கெழவா. உன் காது சுரங்கம் மூடினதுலேர்ந்து வேலை தேடிக்கிட்டு அலையுது.”

அவள் சொன்னதில் பாதி நிஜம். வெய்க்கோவின் காது சும்மா இருக்கப் பிறந்த காது அல்ல. சுரங்கத்தில் கூண்டை ஏற்றி இறக்கும் பெரிய உருளை யந்திரத்தில் இருபத்து நான்கு வருஷம் உட்கார்ந்திருந்தவன் அவன். கூண்டில் இருக்கும் ஆளை அவன் பார்த்ததே கிடையாது. அடியாழத்திலிருந்து மணிச்சத்தம் மட்டும்தான் வரும். மூன்று தடவை மணி அடித்தால் ஆள் ஏறியாயிற்று, மெல்ல இழு. கூண்டு ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரே ஒரு மணி வந்தால் நிறுத்து. ஏன், எதற்கு என்று கேட்காதே. மணி வராவிட்டால் செய்துகொண்டிருப்பதையே செய். இந்தச் சட்டத்தை அவன் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டான். சாப்பாடு தயாரானால் சைமி சமையலறை ஜன்னல் கண்ணாடியில் கரண்டியால் மூன்று தட்டுத் தட்டுவாள். கொட்டகையில் என்ன வேலையாக இருந்தாலும் போட்டுவிட்டு வந்துவிடுவான். நாற்பது வருஷக் குடும்பத்தில் பாதிப் பேச்சு அந்தக் கண்ணாடியிலேயே முடிந்திருக்கும்.

போன வசந்தத்தில் சைமியின் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டன. அன்றிலிருந்து செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள், ஏரிக்கரைப் பெரிய ஊருக்குத் தொண்ணூறு மைல் ஓட்டிப்போய், ரத்தத்தைக் கழுவும் யந்திரத்தில் அவளை நாலு மணி நேரம் கட்டிப்போட்டு, தொண்ணூறு மைல் திரும்பி வரவேண்டும். இடையில் முப்பது மைல் சதுப்புக்காடு. வீடு கிடையாது, போன் கிடையாது, கறுப்பு ஸ்ப்ரூஸ் மரமும் பனியும்தான். அந்த முப்பது மைலில் கார் நின்றால் என்ன ஆகும் என்பதை வெய்க்கோ நினைத்துப்பார்க்காத நாள் இல்லை.

அதனால் மிஸ்ஸிங்கை விரட்டிப் பிடிக்கக் கிளம்பினான். எட்டு பிளக்கையும் கழற்றி மாற்றினான். பிளக் ஒயர்களை மாற்றினான். பெட்ரோல் வடிகட்டியை மாற்றினான். தொட்டியில் தண்ணீர் இறங்கியிருக்குமோ என்று இந்தப் பக்கத்துக்காரர்கள் எல்லாரும் குளிர்காலத்தில் ஊற்றும் ஸ்பிரிட்டை ஒரு பாட்டில் ஊற்றினான். ஒவ்வொரு முறையும் ஊருக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவந்து, “முடிஞ்சுது, இனிமே பட்டு மாதிரி ஓடும்” என்று காலணிப் பனியைத் தட்டிக்கொண்டே உள்ளே வருவான். சைமி ஏலக்காய் ரொட்டியை நறுக்கி அவன் முன்னால் வைப்பாள். தன் பங்குக்கு அரைக் கோப்பைக் காப்பி எடுத்துக்கொண்டு சுவர் நாட்காட்டியில் ஒரு கோடு இழுப்பாள். ஒரு நாளைக்கு நாலு கோப்பைக்கு மேல் எந்த நீரும் குடிக்கக் கூடாது என்பது உத்தரவு. கோடு போடுவதற்கென்றே வெய்க்கோவின் தச்சுப் பெட்டியிலிருந்து ஒரு தட்டைப் பென்சிலை எடுத்து, நாட்காட்டியின் ஆணியில் நூல் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, மிஸ்ஸிங் திரும்ப வந்துவிடும்.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் காரை ரூடியிடம் கொண்டுபோனான். ரூடி குரோவேஷியக்காரன். அவன் அப்பா காலத்திலிருந்தே ஊரில் அவர்களுக்கு ஒர்க்ஷாப்பும் பக்கத்திலேயே உதிரிபாகக் கடையும் உண்டு. அந்தக் கடைக் கல்லாவுக்குப் பின்னால்தான் சைமி இருபத்திரண்டு வருஷம் நின்றாள்.

ரூடி வாயில் அணைந்துபோன சுருட்டுடன் பானட்டுக்குள் தலையை விட்டான்.

“என்னடா இது, என்ஜினுக்குக் கம்பளி போத்தி வச்சிருக்க? தாலாட்டும் பாடுவியா?”

“குளிர்டா. உள்ள ஒரு பல்பும் எரிய விடுறேன். காலைல பட்டுனு ஸ்டார்ட் ஆகணும்ல.”

“பின்லாந்துக்காரங்க நீங்க பொண்டாட்டியைக்கூட இப்படிப் பாத்துக்க மாட்டீங்க.” ரூடி டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் கிளிப்புகளை விடுவித்தான். எந்த நேரத்தில் எந்தப் பிளக்குக்குக் கரண்ட் போகவேண்டும் என்று பிரித்து அனுப்புகிற பாகம் அது. கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒரு கறுப்பு மூடி, தலையில் எட்டுக் கொம்பு. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “இதோ இருக்கான் உன் திருடன். உள்ள பாரு, இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடுவுல கோடு. ஈரம் பட்டா கரண்ட் குறுக்கால ஓடி இப்படிக் கரிக்கோடு விழும். அப்புறம் கரண்டு அந்தக் கோட்டுலயே ஓடிடும், பிளக்குக்குப் போகாது. மூடி மாத்தணும், அவ்வளவுதான்.”

மூடியை மாற்றினார்கள். பன்னிரண்டு நாள் பட்டாக ஓடியது. பதின்மூன்றாம் நாள் காலையில் மறுபடி இடறியது. திறந்தால் புது மூடியிலும் கோடு. அதையும் மாற்றி ஒன்பது நாள் ஆவதற்குள் அடுத்ததிலும் கோடு. மூன்றாவது மூடியைக் கையில் வைத்துக்கொண்டு ரூடி கேலி எதுவும் செய்யாமல் நின்றான். அதுவே வெய்க்கோவுக்கு என்னவோ போலிருந்தது.

“நாப்பது வருஷத்துல இப்படிப் பாத்ததில்லடா. ஒரு மூடி அஞ்சு வருஷம் வரும். வெடிப்பு இல்ல, ஈரம் இல்ல. உள்ள எலும்பு மாதிரி காஞ்சு கெடக்கு.”

“பனித்தூள் ரேடியேட்டர் வழியா பூந்திருக்கும்.”

“நீதான் கம்பளி போத்தி வச்சிருக்கியே.” ரூடி சுருட்டை வாயிலிருந்து எடுத்தான். “உன் வீட்ல பானட்டை வேற யாருடா தொறக்கறது?”

“யாரு இருக்கா? நான்தான். காலைல பல்பைப் பிடுங்கி, கம்பளியை மடிச்சு உள்ள வைக்கறது சைமி. அதாவது நான் செய்றேன்னு அடம் புடிக்கறா. நான் அப்ப அவ பைக்குத் தலையணை, போர்வை எல்லாம் எடுத்து வச்சுக்கிட்டிருப்பேன்.”

ரூடி சுருட்டை மறுபடி வாயில் வைத்தான். துணியில் கையைத் துடைத்தான், துடைத்த கையையே மறுபடி துடைத்தான்.

“அந்த மாதிரி கோட்டை எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு எனக்குச் சொல்லிக்குடுத்ததே அவதான், தெரியுமா?” என்றான் கடைசியில். “அப்பா காலத்துல. நான் அப்ப வால்வு எதுன்னு தெரியாத பையன். ‘பென்சில்ல கிழிச்ச மாதிரி இருக்கும்டா ரூடி, நல்லா உத்துப் பாரு’ன்னு சொல்லுவா.”

“அவளுக்கு எல்லா பாக நம்பரும் மனப்பாடம்டா,” என்றான் வெய்க்கோ பெருமையாக. பெருமையில் அவனுக்கு வேறெதுவும் காதில் விழவில்லை. அந்தக் காதுக்கு அது நேர்ந்தது ஆச்சரியம்தான்.

பிப்ரவரியின் முதல் செவ்வாய்க்கிழமை. மூடி போட்டு ஆறு நாள்தான் ஆகியிருந்தது. வீட்டு முற்றத்திலேயே என்ஜின் முனகியது. “இன்னைக்கு வேணாமே, அப்படியே உள்ள போயிடலாமே” என்றாள் சைமி. “சூடானா சரியாயிடும்” என்று கிளம்பிவிட்டான் வெய்க்கோ. சதுப்புக்காட்டில் பதினேழாவது மைலில் இரண்டு சிலிண்டர், மூன்று சிலிண்டர் என்று ஒவ்வொன்றாக விட்டு, கார் உதறி உதறி நின்றேவிட்டது. சாவியைத் திருப்பத் திருப்ப பாட்டரியும் மாண்டது. சைபருக்குக் கீழே பதினெட்டு டிகிரி. சத்தம் எதுவும் இல்லை. காற்றுகூட இல்லை. ஸ்ப்ரூஸ் மரங்கள் பனி சுமந்து இரண்டு பக்கமும் நின்றுகொண்டிருந்தன.

தன் கம்பளிக் கோட்டைக் கழற்றி அவள் மேல் போர்த்தினான். ரோமக் குல்லாயைக் கழற்றி அவளது இரண்டு பாதத்தையும் அதற்குள் திணித்தான். உப்பும் நீரும் சேர்ந்து பாதங்கள் வீங்கிக் குல்லாயில் அடங்கவில்லை. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இறங்கி, இரண்டு பக்கச் சாலையையும் பார்த்துவிட்டு வந்தான்.

“உள்ள உக்காரு வெய்க்கோ.”

“லாரி ஏதாச்சும் வரும்.”

“குல்லாயைப் போட்டுக்க. உன் காதைப் பாரு, வெள்ளையாயிட்டுது.”

“கெடக்கட்டும்.”

“காதைத் தேய்! வெய்க்கோ, உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன், அந்தக் காதைத் தேய்!” என்று அவள் கத்தினாள். கத்திவிட்டு அழுதாள். நாற்பது வருஷத்தில் அவள் அப்படி அழுது அவன் பார்த்ததில்லை. சாவுக்குப் பயந்துதான் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

ஒரு மணி நாற்பது நிமிஷம் கழித்து மரம் ஏற்றிய லாரி ஒன்று எதிர்ப்பக்கம் வந்தது. அதில் ஏறி வீட்டுக்குத்தான் வர முடிந்தது. அன்று யந்திரம் இல்லை. மறுநாளே வேறு நேரம் தருவதாக நர்ஸ் போனில் சொன்னாள். ஆனால் அன்று இரவு ஏரியிலிருந்து புயல் வந்து, புதன்கிழமை சாலையையே மூடிவிட்டார்கள். மறுபடி போன் செய்தான்.

“சனிக்கிழமை வந்ததுதான் கடைசி, இல்லையா? அப்படின்னா வியாழக்கிழமை எப்படியாவது வந்துடுங்க சார்,” என்றாள் நர்ஸ். “அதுவும் தவறிப்போச்சுன்னா நுரையீரல்ல தண்ணி ஏறிடும், இல்ல இதயம் நின்னுடும். நான் பயமுறுத்தலை.”

ரூடி செவ்வாய் மாலையே புயலுக்கு முன்னால் காரை இழுத்துவந்து கொட்டகையில் விட்டு, புது மூடி ஒன்றையும் பெஞ்சில் வைத்துவிட்டுப் போயிருந்தான். “மூடியை நீயே மாத்திக்க. பழசையெல்லாம் தூக்கிப் போட்டுடாத. வெளிச்சத்துல வச்சுப் பாரு” என்று மட்டும் சொல்லிப் போனான்.

புதன்கிழமை மத்தியானம் ஜன்னல் பாதி உயரத்துக்குப் பனி. கொட்டகையில் இரும்பு அடுப்பை மூட்டிவிட்டு, காரிலிருந்து மூடியைக் கழற்றினான் வெய்க்கோ. குளிரில் உறைந்த இடது காது கறுத்துத் தடித்து, தொட்டால் நெருப்பாக எரிந்தது. அந்தப் பக்கம் சத்தமே தலையணைக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. அலமாரியில் இருந்த மற்ற மூடிகளையும் எடுத்து பெஞ்சில் வரிசையாக மல்லாத்தி வைத்தான். விளக்கைக் கிட்டே இழுத்தான்.

கரண்ட் போட்ட கோட்டை அவன் சுரங்கத்தில் எத்தனையோ பார்த்திருக்கிறான். அது வேர் மாதிரி கிளைவிட்டு, வளைந்து நெளிந்து போகும். இந்தக் கோடுகள் நேராக இருந்தன. எல்லா மூடியிலும் அதே இரண்டு முனைக்கு நடுவில், அதே நீளத்தில், அளந்து இழுத்ததுபோல. கடைசிக்கு முந்தினதில் அப்படி இரண்டு கோடு, கடைசி மூடியில் நாலு.

கட்டைவிரலை எச்சிலில் நனைத்துத் தேய்த்தான். எரிந்து விழுந்த கோடு தேய்த்தால் போகாது, சுரண்டித்தான் எடுக்கவேண்டும். இது விரலோடு வந்துவிட்டது. விரல் நுனி சாம்பல் நிறத்தில் பளபளத்து வழுவழுவென்று இருந்தது. பென்சில் கரி, அதிலும் கரண்ட் ஓடும்.

அதைப் பார்த்தபடியே நின்றான். அடுப்பில் கட்டை சரிந்தது. அப்போது சமையலறை ஜன்னலில் கரண்டி மூன்று தடவை தட்டியது. சாப்பாடு. நல்ல காதைத் திருப்பிக் கேட்டுவிட்டு, மூடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனான்.

மேஜையில் மான்கறியும் டர்னிப்பும். அவளுடைய தட்டில் உப்பு மீன் இருந்தது. உப்பே கூடாது என்று உத்தரவான பிறகு அவள் அதைத் தொட்டுப் பத்து மாதமாகிறது. வெய்க்கோ மூடியை எடுத்து மீன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். நாட்காட்டிப் பென்சில் நூலில் ஆடாமல் தொங்கியது. அன்றைய கட்டத்தில் கோடே இல்லை.

சைமி மூடியைப் பார்த்தாள். கையில் எடுத்து, பழக்கத்தில் திருப்பிப் பாக நம்பரைப் படித்தாள்.

“நாலு போட்டிருக்கே, எதுக்கு நாலு?” என்றான் அவன். அவனுக்கு வேறு எதைக் கேட்பதென்று தெரியவில்லை.

“ஒண்ணு போட்டா நீ ஓட்டிடற. ரெண்டு போட்டாலும் ஓட்டிடற. முற்றத்துலயே நிக்கட்டும்னு நாலு போட்டேன்.” “காட்டுக்குள்ள போய் நிக்கும்னு நினைக்கலை வெய்க்கோ. சத்தியமா நினைக்கலை. உன் காதைப் பாத்தப்பவே என் கையை வெட்டிக்கணும் போல இருந்தது.”

“காது கெடக்குது! ரெண்டு பேரும் அங்கயே கட்டையாயிருப்போம். கிறுக்கு புடிச்சிருக்கா உனக்கு? வாரத்துக்கு மூணு நாள் எதுக்கு நான் அந்த ரோட்ல...”

“அதான். எதுக்கு?”

வெய்க்கோ நாற்காலியில் உட்கார்ந்தான்.

“செவ்வா, வியாழன், சனி யந்திரம்,” என்றாள் சைமி. “திங்கள், புதன், வெள்ளி எழுந்திரிக்க முடியாம படுக்கை. ஞாயித்துக்கிழமை ஒண்ணுதான் மிச்சம், அதுலயும் நீ காருக்கு அடியில கெடக்கற. சனிக்கிழமை நீராவிக் குளியல், நம்ம சவ்னா, போயிடுச்சு. அந்தச் சவ்னாக் கொட்டகையில அடுப்பு மூட்டி, சூடான கல்லுல தண்ணி ஊத்தி, உன்கூட உக்காந்து எத்தனை மாசம் ஆச்சு? எனக்குப் போதும் வெய்க்கோ. எனக்கு எப்பவோ போதும்.”

“சொல்லியிருக்கலாம்ல? வாயைத் தொறந்து ஒரு வார்த்தை!”

“எப்படிச் சொல்றது? சுரங்கம் மூடினதுக்கப்புறம் இருபது வருஷமா நீ சந்தோஷமா விசிலடிச்சு நான் கேட்டதில்ல. என்னை ஏத்திக்கிட்டு ஓட்ட ஆரம்பிச்சதும்தான் மறுபடி அடிச்ச. எல்லாரையும் பத்திரமா மேல கொண்டாந்தவன் நீ. உன்கிட்டப் போய் என்னை இழுக்காதேன்னு எந்த வாயால சொல்றது? கார் நின்னா யார் மேலயும் குத்தமில்லன்னு நெனச்சேன். கார்தானே நின்னுது, நாம என்ன பண்றதுன்னு நீ இருந்துடுவேன்னு.”

“நான் எந்த யந்திரத்தையும் அப்படி விடமாட்டேன்னு உனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சிருக்கணும்,” என்றாள் அவள். கண்ணைத் துடைத்துக்கொண்டு லேசாகச் சிரித்தாள். “நாலு மூடி மாத்துவேன்னு நெனைக்கலை. ரெண்டோட அலுத்துடும்னு பாத்தேன், கெழட்டுக் கழுதை.”

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம் வந்தது, பிறகு அதுவும் நிற்கவில்லை. பத்து மாதமாக அவளைத் தலையணையோடும் போர்வையோடும் ஏற்றிப்போனவன், வருகிறாயா இல்லையா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. மணி வரவில்லை, அதனால் இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறான். கீழே இருப்பவர் கையில் மணிக்கயிறே இல்லை என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை. டெட்ராய்ட்டில் இருக்கும் மகளைக் கூப்பிடலாமா என்றான். காலையிலேயே அவளோடு ஒரு மணி நேரம் பேசிவிட்டேன் என்றாள் சைமி. மகள் அழுதாளாம், ஆனால் திட்டவில்லையாம்.

வெய்க்கோ மூடியை எடுத்து மறுபடி சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். “புது மூடியைப் போடறேன். நாளைக்கு எட்டு மணிக்கு வண்டியை முற்றத்துல கொண்டாந்து நிறுத்தி, ஓட விட்டு உக்காந்திருப்பேன்.”

“வெய்க்கோ...”

“பேசி முடிச்சுக்கறேன் இரு. பையை நான் எடுத்து வைக்க மாட்டேன். உன்னைக் கைப்பிடிச்சுக் கூட்டிட்டு வரமாட்டேன். நீயா வரணும். மணி உன் கையில. மூணு அடிச்சா இழுக்கறேன். ராத்திரி முழுக்க யோசி. நானும் யோசிக்கறேன், நீ மூணு அடிக்கணும்னுதான் யோசிப்பேன், அதுல மறைக்க ஒண்ணுமில்ல.”

அவள் உப்பு மீனைத் தின்று முடித்தாள். ஒரு முள்ளைக்கூட விடவில்லை.

வியாழக்கிழமை காலை வானம் வெளுத்திருந்தது. ஏழு மணிக்கே பனி வழிக்கும் வண்டி பெரிய சாலையைத் திறந்துவிட்டுப் போயிருந்தது. மத்தியானத்துக்கு மேல் இன்னொரு புயல் என்றது ரேடியோ. போவதென்றால் இப்போதே போகவேண்டும். வெய்க்கோ கம்பளியைத் தானே மடித்தான், பல்பைத் தானே பிடுங்கினான், காரை முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினான்.

என்ஜின் பட்டு மாதிரி ஓடியது. எட்டு சிலிண்டரும் ஒன்றுகூடப் பிசகாமல், ஒன்றன்பின் ஒன்றாக. நவம்பரிலிருந்து அந்தச் சத்தத்துக்காக அவன் தவம் கிடந்தான். இப்போது எங்காவது ஒரு இடறல் கேட்காதா என்று நல்ல காதைச் சாய்த்துக் கேட்டான். கேட்டிருந்தால் இறங்கிப்போய்ப் பானட்டைத் தூக்கலாம், எதையாவது கழற்றலாம். செய்வதற்கு ஒன்றுமே இல்லை. இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எட்டு ஐந்து. எட்டு பத்து.

கதவு திறந்தது. சைமி கோட்டும் பூட்ஸும் போட்டிருந்தாள். தலையில் துணி கட்டியிருந்தாள். கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து, வீங்கின காலை ஒவ்வொரு படியாக வைத்து இறங்கினாள். கோட்டு போட்டிருக்கிறாள். வருகிறாள். பை எங்கே என்று பார்த்தான். பையைப் பிறகு ஓடிப்போய் எடுத்துக்கொள்ளலாம், அது ஒரு விஷயமா. கையைக் கியரில் வைத்தான்.

அவள் காரைச் சுற்றிக்கொண்டு அவன் பக்கத்துக் கண்ணாடிக்கு வந்தாள். மூச்சு வாங்க ஒரு கணம் நின்றாள். விரல் முட்டியால் கண்ணாடியில் ஒரு தட்டுத் தட்டினாள்.

வெய்க்கோ அடுத்த தட்டுக்குக் காத்திருந்தான். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. காது கெட்டுப்போனதால் கேட்கவில்லையோ என்று அவள் கையைப் பார்த்தான். அந்தக் கை கண்ணாடியில் விரிந்து பதிந்திருந்தது. அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருபத்து நான்கு வருஷத்தில், நிறுத்து என்னும் அந்த ஒற்றை மணிக்கு அவன் ஒரு நொடி தாமதித்தது கிடையாது. இன்றைக்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டான் என்று அவனுக்கே தெரியாது. பிறகு சாவியைத் திருப்பினான்.

சத்தம் அடங்கியதும் கொல்லைப்பக்கம் விறகு வெடிப்பது கேட்டது. பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்தான். சவ்னாக் கொட்டகையின் புகைபோக்கியிலிருந்து புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. வியாழக்கிழமை காலையில் அவள் அடுப்பு மூட்டியிருந்தாள்.

கதவைத் திறந்து இறங்கி அவள் கையைப் பிடித்துக்கொண்டான். கல் சூடாக இன்னும் ஒரு மணி நேரம் ஆகும், அதுவரைக்கும் உள்ளே போய்க் காப்பி குடிக்கலாம் என்றாள் சைமி. தனக்கு முழுக் கோப்பை வேண்டும் என்றாள்.